அதே ஆள்தான், நான் பொறுப்பு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் ஆரம்பித்தது. எடுத்த எடுப்பில் எப்படி விளிப்பது என்று தெரியாமல் மூன்று நாள் திருதிருவென்று முழித்தேன். கடிதத்துக்கு விளி வேண்டும், கதைக்கு வேண்டாம். அதனால் கதை.

முதல் தொடக்கம்: "அன்று காலை வானம் மேகமூட்டமாக..." வேண்டாம். வானம் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது: "பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் மையத்தில் நான் கணினி ஆள். எல்லோரும் என்னைச் சாவி என்பார்கள்." பரவாயில்லை, இருக்கட்டும்.

2

பட்டப்பெயருக்குக் காரணம் உண்டு. மையத்தில் ஆறு செயலிகள். நேர அட்டவணைக்கு ஒன்று, குழந்தைகளின் குரல் பதிவுகளுக்கு ஒன்று, விடுப்புக்கு ஒன்று என்று போகும். ஆறுக்கும் ஆறு கடவுச்சொல். ஒவ்வொருவர் திரையைச் சுற்றியும் மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருக்கும். நான் வந்து ஒற்றை உள்நுழைவு வைத்தேன்.

(அடுத்த பத்தியில் தூங்கிவிடாதீர்கள். கதையே அதில்தான் இருக்கிறது.)

இப்போது எந்தச் செயலியும் கடவுச்சொல் கேட்காது. "உங்களை எனக்குத் தெரியாது, அங்கே போய்ச் சீட்டு வாங்கி வாங்க" என்று அடையாளச் சேவைக்கு அனுப்பிவிடும். அந்தச் சேவை காலையில் ஒரே தடவை கடவுச்சொல்லைச் சரிபார்க்கும். பிறகு யார் கேட்டாலும், "இவர் இன்னார், நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றை நீட்டும். செயலி கையெழுத்தைப் பார்க்கும், சீட்டு காலாவதியாகவில்லையே என்று பார்க்கும், உள்ளே விடும். கடவுச்சொல் அதன் கண்ணில் படவே படாது.

நீங்களும் இப்போது அதைத்தான் செய்கிறீர்கள். என் கதை ஆட்களை நீங்கள் பார்த்ததில்லை. நான் பொறுப்பு என்கிறேன், உள்ளே விடுகிறீர்கள்.

3

இந்தக் கதையில் ஒரு பயிற்சியாளர் வருகிறார். அவர் என் அண்ணன் மனைவி... அடித்துவிட்டேன். என் அண்ணனின் முன்னாள்... இதையும் அடித்துவிட்டேன்.

விவாகரத்து ஆகி நான்கு மாதம். எட்டு வருஷம் வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டவன், இப்போது வராந்தாவில் எதிர்ப்பட்டால் குனிந்து என் செருப்பை ஆராய்கிறேன். மின்னஞ்சலில் மட்டும் 'மேடம்'. எழுதும்போதே கூசும். (இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். இதை நியாயமாக முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்.)

போன வாரம் அவரிடமிருந்து விண்ணப்பம் வந்தது: மின்னஞ்சல் முகவரியில் என் அண்ணன் பெயரை எடுத்துவிட்டுத் தன் அப்பா பெயரைப் போட வேண்டும். மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

4

மறுநாள் காலை பத்தேகாலுக்கு அவர் என் அறைக்கு வந்தார்.

"பதிவுச் செயலி என்னைப் புதியவரே வருகன்னு வரவேற்குதுப்பா. அஞ்சு வருஷப் பதிவுல ஒண்ணுகூட இல்ல."

"ஒரு தடவை வெளிய போயிட்டு மறுபடி..."

"மூணு தடவை போயிட்டு வந்துட்டேன். பதினொண்ணுக்கு அந்தக் குட்டிப் பொண்ணோட அப்பா வர்றாரு. ரெண்டு வருஷமா ஒண்ணும் மாறல, நிறுத்திடறேங்கறாரு. முதல் நாள் பதிவைப் போட்டுக் காட்டினாத்தான் நம்புவாரு. இல்லேன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவாரு."

தப்பு என்னுடையது. சீட்டில் வரும் ஆளைத் தன் பதிவேட்டில் எதை வைத்துத் தேடுவது என்று செயலிக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பணியாளர் எண் என்று சொல்லியிருக்கலாம், அது என்றைக்கும் மாறாது. சோம்பேறித்தனத்தில் மின்னஞ்சலைச் சொல்லிவிட்டேன். சீட்டு சரி, கையெழுத்தும் சரி. ஆனால் முகவரி புதுசு, எனவே ஆளும் புதுசு என்று செயலி காலிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொடுத்துவிட்டது.

"அப்போ அதுக்கு நான் யாரோ," என்றார்.

"அது பேரை மட்டும்தான் பாக்குது."

"அப்படிப் பாக்க அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

5

முடிவு ஒன்று: அந்த அப்பா பொறுமையிழந்து மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார். கண்ணீர் வரும். ஆனால் நடக்கவில்லை.

முடிவு இரண்டு: வியர்க்க விறுவிறுக்க நான் மையத்தையே காப்பாற்றுகிறேன். இதுவும் நடக்கவில்லை. செயலியின் அமைப்பில் ஒரு வரியை மாற்றினேன், பணியாளர் எண்ணை வைத்துப் பழைய கணக்கோடு இணைத்தேன், அவ்வளவுதான். பத்து ஐம்பத்தாறுக்குப் பதிவுகள் திரும்பி வந்தன.

முதல் நாள் பதிவில் மூச்சுச் சத்தமும் நாற்காலி கிரீச்சிடுவதும் மட்டும்தான். போன வாரப் பதிவில், "அப்பா, தண்ணி." அந்த மனிதர் முதல் பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

6

பதினொன்றரைக்குப் பயிற்சியாளர் என் அறைக் கதவருகே வந்து நின்றார்.

"அந்த நம்பர் மாறவே மாறாதாப்பா?"

"மாறாது. வேலைக்குச் சேந்த அன்னிக்குக் குடுத்தது."

"பக்கத்துல இருந்த பேரை எடுத்துட்டாலும்?"

"எடுத்துட்டாலும்."

போகவில்லை. எதற்கோ காத்திருந்தார். எதற்கென்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

இந்த இடத்தைப் பதினொரு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. 'மேடம்' என்றால் கதையே பொய். பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வராது. அந்தப் பழைய வார்த்தைக்கு எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று அண்ணனைக் கேட்க முடியாது. அவனைக் கேட்டால் மறுபடியும் அவன் பெயரை வைத்து ஆளைத் தேடும் அதே தப்பு.

ஆகவே சீட்டை உங்களிடம் தருகிறேன். எட்டு வருஷமாகத் தெரிந்த அதே ஆள்தான், நான் பொறுப்பு; கையெழுத்தும் போட்டுவிட்டேன். கூப்பிட வேண்டிய வார்த்தைக்கான இடம் மட்டும் காலி. அவர் இன்னும் கதவருகில்தான் நிற்கிறார். சீக்கிரம் நிரப்புங்கள், பன்னிரண்டுக்கு அவருக்கு அடுத்த குழந்தை வந்துவிடும்.