காய்க்காத செடி

கொல்லைப்புறத்தில், பச்சை வலைக்குக் கீழே, பெரிய தொட்டியில் இடுப்பளவு உயரத்தில் நின்ற அந்தச் செடிக்கு அண்ணியின் பெயர். செல்லத்துக்கு வைத்த பெயர் இல்லை. அண்ணன் பேராசிரியராக இருந்தபோது காட்டில் கண்டுபிடித்து, புது இனம் என்று உலகத்துக்கு அறிவித்து, கட்டிய மனைவியின் பெயரையே வைத்த செடி. வீட்டுக்கு யார் வந்தாலும் உட்கார விடாமல் அண்ணி கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள். "இதோ, இதுதான் நான்," என்பாள். கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவன்கூடத் தப்பியதில்லை.

பார்க்க அப்படி ஒன்றும் பெரிய அழகில்லை. பெரிய மரங்களின் காலடியில், வெயில் எப்போதாவது எட்டிப் பார்க்கிற இடத்தில் காலத்தை ஓட்டுகிற புதர். காபிச் செடிக்குத் தூரத்துச் சொந்தம். எதிரெதிரே ஜோடி ஜோடியாக இலை, கிளை நுனியில் கொத்தாகப் பொடிசு பொடிசாக வெள்ளைப் பூ. வருஷம் தவறாமல் பூக்கும். ஒரு காய்கூட வைக்காது.

"பேருக்கு ஏத்த செடி," என்று அண்ணனின் தங்கை ஒரு தடவை அண்ணியின் காதுபடவே சொன்னாள். அண்ணிக்குக் குழந்தை இல்லை. அன்று முழுக்க அண்ணி சாப்பிடவில்லை. மறுநாள் ஒன்றும் நடக்காதது போல வந்து, "ஊசி, டீ போடட்டுமா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் தங்கைக்கு ஊசி என்றுதான் பெயர். வாய் அப்படி.

ஊசியும் அண்ணன் படித்த படிப்பையே படித்தவள்தான். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் ஹெர்பேரியத்தில், அண்ணனுக்குக் கீழே வேலை பார்த்தாள். அந்தப் பூவை நெடுக்காக வெட்டி, லென்ஸில் பார்த்துப் படம் வரைந்தவள் அவள்தான். வரையும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. மகரந்தத்தை வாங்குகிற நடுத்தண்டு பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மகரந்தப் பைகள் உள்ளே பதுங்கியிருந்தன. அலமாரியில், எந்தக் காலத்திலோ யாரோ ஒட்டி வைத்த பழைய இனம் ஒன்று உண்டு. இலை, காம்பு, கணு எல்லாம் அச்சு அசல் இதே. பூ மட்டும் தலைகீழ். பைகள் வெளியே, தண்டு உள்ளே.

காபிக் குடும்பத்துச் செடிகளில் இது சகஜம். இனம் ஒன்று, பூ இரண்டு விதம், ஒரு செடியில் ஒரு விதம்தான். இதன் மகரந்தம் அதற்குப் போனால்தான் காய். அந்த ஜோடி இல்லாவிட்டால் பூத்துப் பூத்து உதிர வேண்டியதுதான்.

ஓட்டமாக ஓடிப் போய்ச் சொன்னாள். "அண்ணா, இது புது இனம் இல்ல. அந்தப் பழசோட இன்னொரு பாதி. இதோட ஜோடி அதே காட்டுல எங்கயாவது இருக்கும். தேடிப் பாத்துட்டு அப்புறம் அச்சுக்கு அனுப்பலாம்."

மேஜையைச் சுற்றி அலுவலகமே நின்றிருந்தது. அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "தனக்கு ஒரு ஜோடி கிடைக்கல. செடிக்கு ஜோடி தேடக் கிளம்பிட்டா!"

குபீரென்று சிரிப்பு. டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். வந்த வரன் எல்லாம் தட்டிப்போய், கல்யாணப் பேச்சையே வீட்டில் நிறுத்தியிருந்த சமயம் அது. ஊசி படத்தைச் சுருட்டிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அவள் காதை விட்டு இறங்கவே இல்லை.

அதே சமயத்தில் அம்மா படுத்த படுக்கையானாள். "அம்மாவுக்கு வீட்டு ஆள்தான் சரிப்படும். நீ வேலையை விட்டுடு," என்றான் அண்ணன். விட்டாள். அம்மா வருஷக்கணக்கில் கிடந்தாள். அதற்குள் அண்ணனுக்கு மெடல், இயக்குநர் பதவி, அந்தச் செடியின் படம் போட்ட தபால்தலை. ஊசிக்கு பெட்பேன். அம்மா கண்ணை மூடிய கொஞ்ச நாளில் அண்ணனைப் பக்கவாதம் சாய்த்தது. மறுபடியும் பெட்பேன். வாழ்ந்தாளே ஒரு வாழ்க்கை!

அவளுக்கு இனி வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் போய்ச் சேருவதற்குள் அந்தச் செடியில் ஒரு காய். அதை அவன் கண்ணுக்கு முன்னால் நீட்ட வேண்டும். அவன் முகத்தில் ஈயாடக் கூடாது.

பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு ஒருநாள் பஸ் ஏறினாள். காட்டில் அண்ணன் கண்டுபிடித்த புதர்கள் இன்னும் அதே சரிவில் நின்றன. ஒடிந்து விழுந்த கிளைகளே வேர்பிடித்துப் பெருகிய கூட்டம். அத்தனையும் ஒரே விதப் பூ. முகட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். முட்டி விண்டுபோனது, அட்டை கணுக்காலைப் பதம் பார்த்தது. மதியத்துக்கு மேல், ஒரு பாறை இடுக்கில், பை வெளியே நீட்டிய பூவோடு ஒரு செடி. "அடிப்பாவி, இங்கயா இருக்க?" என்று வாய்விட்டே கேட்டாள். பூங்கொத்தை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில், படம் வரைகிற தூரிகையால் அந்த மகரந்தத்தைத் தொட்டிச் செடியின் பூக்களில் தடவி, மெல்லிய துணிப்பை கட்டினாள். "பூச்சி விழுது அண்ணி, தொட்டுடாதீங்க," என்றாள். "நீ இருக்கிறதாலதான் என் செடி பொழைச்சுக் கிடக்கு," என்று அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பைக்குள் பச்சை மணிகள் திரண்டன. ஊசி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். மாதங்கள் கழித்து அவை சிவந்தன. பையை அவிழ்த்து, ஒரு பழத்தைப் பறித்து, நேராக அண்ணன் கட்டிலுக்குப் போனாள்.

"அண்ணா, உன் செடி காய்ச்சிருக்கு."

நகத்தால் பிதுக்கினாள். உள்ளே ஒருபக்கம் தட்டையாக இரண்டு விதை. அண்ணன் அதையே பார்த்தான். பேச்சு குழறும், ஆனால் புத்தி கத்தி மாதிரிதான் இருந்தது.

"முகட்டுக்கு அந்தப் பக்கமா?" என்றான்.

ஊசிக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ படம் வரையறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா அத்தனை பேரையும் என்னைப் பாத்துச் சிரிக்க வச்ச?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? நீ அங்கயே இருந்தா என்னைக்காவது அந்த முகட்டுல ஏறியிருப்ப. அம்மாவுக்கு ஒரு நர்ஸ் வைக்க என்கிட்ட வசதியா இல்ல?" மூச்சு வாங்கினான். "இப்ப எழுதிப் போடு. எனக்கு வேண்டியதெல்லாம் கிடைச்சாச்சு."

ஊசி பிதுக்கிய பழத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். அவன் முட்டாள், கர்வம் பிடித்தவன், கண்ணிருந்தும் பார்க்காதவன் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் அவனை மன்னிக்காமல் இருந்தாள். அந்த நினைப்புகூட இப்போது மிச்சமில்லை. அவனைக் குத்தக் கொண்டுவந்ததில் அவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்போதுதான் கொல்லையிலிருந்து அலறல். "காய்ச்சிருச்சு! ஐயோ, காய்ச்சிருச்சு!" அண்ணி ஓடி வந்தாள். கையில் சிவப்புப் பழங்கள், முகமெல்லாம் கண்ணீர். ஊசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "மலட்டுச் செடின்னு எத்தனை பேர் சொன்னாங்க! என் செடி காய்ச்சிருச்சு பாத்தியா, ஊசி!"

அந்தத் தோளில் சாய்ந்து ஊசி ஒரு குரல் அழுதிருக்கலாம். அழவில்லை. அண்ணியின் கைகளைப் பிரித்துவிட்டாள்.

"அது உங்க செடி இல்ல அண்ணி. பழைய செடியோட இன்னொரு பாதி, அவ்வளவுதான். அதுக்கு ஏற்கனவே வேற பேர் இருக்கு. காய்ச்சதாலதான் அது நிச்சயமாச்சு."

அண்ணி புருஷனைப் பார்த்தாள். அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"அப்போ என் பேரு?" என்று கேட்டாள். "என் பேரை எடுத்துடுவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க அண்ணி. எடுத்துட்டாலாவது தேவலை. அந்தப் பழைய பேருக்குக் கீழ, பொடி எழுத்துல, செல்லாத பேருன்னு போட்டு வச்சிருப்பாங்க. அந்தச் செடியைப் பத்தி யார் எழுதினாலும் அப்படியேதான் வரும். எந்தக் காலத்துக்கும்."

அண்ணி பழங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டிலில் அண்ணன் சிரித்தான். பாதி வாய்தான் கோணியது, சத்தம் முழுசாக வந்தது. "என் தங்கச்சிடி," என்றான் மனைவியிடம், பெருமையாக. அது பொய் இல்லை என்று ஊசிக்கே தெரிந்தது.