இரண்டு கையும் மேலே

நோபர்ட்டுக்கு இரும்பு என்றால் பைத்தியம். மாத்தளையிலிருந்து யட்டவத்தைக்குப் போகும் வழியில் விறகுக் கடை வைத்திருந்தவன், கோடரியோடு காலந்தள்ளியிருக்கலாம். ஆனால் தேயிலை ஃபெக்டரியில் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த கை சும்மா இருக்குமா? மண்ணெண்ணெய் விலை எகிறி, வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் விறகுக்குத் திரும்பிய வருஷம் அது. பழைய இரும்புக் கடையில் இடுப்புயரத்துக்கு ஒரு வார்ப்பிரும்புச் சக்கரம் கிடந்தது. “பிளைவீல் டொறீன், பிளைவீல்!” என்று அதை வாங்கி வந்து, புதுக் குழந்தையைக் காட்டுவதுபோல் மனைவியிடம் காட்டினான்.

மூடிப்போன மர ஆலையிலிருந்து பல் வெட்டிய இரும்புச் சட்டம் ஒன்றும், யாரோ கழித்துப்போட்ட கரண்ட் மோட்டாரும் வந்து சேர்ந்தன. மழைக்காலம் முடிவதற்குள் கடையின் பின்பக்கம், வீட்டுக் குசினியை ஒட்டி, மிஷின் எழும்பிவிட்டது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கைப்பிடியை இழுத்தால் சட்டம் அதில் கவ்வி, கட்டையைக் கொண்டுபோய் எதிரே நிற்கும் இரும்பு ஆப்பில் மோதும். கண் மூடித் திறப்பதற்குள் கட்டை இரண்டாகும். மோட்டாரை அணைத்தாலும் சக்கரம் உடனே நிற்காது, தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அதுதான் டொறீனுக்குப் பிடிக்கவில்லை. அணைத்த பிறகும் அடங்காத ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. ரப்பர் மரக் கட்டை கோணல்மாணலாக இருந்தால் உருண்டுவிடும். ஒருவர் பிடித்து நேராக்க வேண்டும். மற்றவர் இழுக்க வேண்டும். பிடிப்பவன் நோபர்ட், இழுப்பவள் டொறீன். புருஷனின் பத்து விரலும் தன் ஒரு கையில் இருக்கிறதென்று முதல்நாளே அவளுக்கு விளங்கிவிட்டது.

“இழு புள்ள.”

“கைய எடுங்க.”

“எடுத்துட்டேன்ல?”

“ரெண்டையும் மேல தூக்கிக் காட்டுங்க. அப்பதான் இழுப்பேன்.”

முணுமுணுத்துக்கொண்டே தூக்கினான். அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. கட்டையை வைப்பான், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவான், அவள் இழுப்பாள். அப்படியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. வஹாக்கோட்டைக் கோயில் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். “என் புருஷனோட கைக்கு ஒன்னும் ஆகக் கூடாது, சாமி. வெள்ளியில ஒரு கை செஞ்சு கொண்டாந்து வைக்கிறேன்.” வேறு யார் கையைப் பற்றியும் அவள் பேசவில்லை. பேசத் தோன்றவுமில்லை.

மிஷினைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. வேலை வெட்டியில்லாதவர்களுக்கு இதைவிட என்ன வேடிக்கை வேண்டும்? ஒருநாள் விறகு வாங்க வந்த ஒருவன் சத்தமாகக் கேட்டான்.

“என்னாண்ணே, பொலிஸ்காரன் துவக்க நீட்டுன மாதிரி பொண்டாட்டிக்குக் கை தூக்குறீங்க?”

கலவரக் காலம் முடிந்து அதிக நாளாகவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் கை தூக்கி நிற்பதென்றால் என்னவென்று ஊருக்கே தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். நோபர்ட்டும் சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை. அன்று மாலை மிஷினைத் துடைத்தபடி, அவளைப் பார்க்காமலே சொன்னான்.

“நாளையிலிருந்து நீ குசினியப் பாரு. சிவலிங்கத்த வச்சுக்கிறேன்.”

சிவலிங்கம் கடையில் கட்டை ஏற்றி இறக்குபவன். மூன்று பிள்ளைகளின் தகப்பன். அதிர்ந்து பேசாதவன், அன்றைய சிரிப்பில்கூட அவன் சேரவில்லை.

டொறீனுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவருடைய விரல்கள் இனி அடுத்தவன் கையிலா? சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனை என்றே நினைத்தாள்.

“சரி, நான் போறேன். ஆனா நீங்க கைப்பிடியில நில்லுங்க. கட்டைய அவன் வைக்கட்டும்.”

நோபர்ட் ஒத்துக்கொண்டான். அந்த இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். கை தூக்கும் வழக்கத்தைச் சிவலிங்கத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நோபர்ட்டுக்கு அதைச் சொல்ல வெட்கம். டொறீனுக்கு அது நினைவிலேயே இல்லை.

சில நாட்கள் ஒழுங்காக ஓடின. குசினியில் தேங்காய் துருவும்போதும் அவள் காது பின்பக்கமே இருந்தது. தட். கட்டை விழும் சத்தம். மறுபடி தட். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், தட் என்ற பிறகு கட்டை விழவில்லை. ஒரு மனிதன் அலறினான்.

துருவலைத் தட்டிவிட்டு ஓடினாள். நோபர்ட் கைப்பிடியின் அருகே நின்றான். இரண்டு கையும் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றான். ஏன் தூக்கினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அந்தக் கைகளைத்தான் அவள் முதலில் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன.

“அந்தோனியாரே, நன்றி சாமி!”

வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் கண் கீழே போனது. மரத்தூளில் உட்கார்ந்திருந்த சிவலிங்கம், வலக்கையைத் தொடைகளுக்கிடையே அழுத்திக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. சக்கரம் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள். அயலார் வந்து டொறீனுக்கு ஆறுதல் சொன்னார்கள். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடு.” யாருடைய தலை, யாருடைய தலைப்பாகை என்று கேட்க ஒரு நாதியில்லை. நேர்த்தியை நிலுவை வைக்கக் கூடாதென்று தட்டாரிடம் சொல்லி வெள்ளிக் கையும் செய்தாள். ஐந்து விரலும் நேர்த்தியாக இருந்தன. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சிவலிங்கத்தின் அந்தப் பார்வை வந்து நின்றது. வஹாக்கோட்டை பஸ் கடைவாசலிலேயே நிற்கும், அவள் ஏறவில்லை. செபமாலைப் பெட்டிக்குள் வெள்ளிக் கை கிடந்தது.

நோபர்ட் மிஷினுக்குச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு மறுபடி கோடரியைத் தூக்கினான். வீட்டில் பேச்சு குறைந்தது. இருவருக்கும் ஒருவர் கையை ஒருவர் பார்க்கவே கூசியது.

காயம் ஆறியதும் சிவலிங்கம் வந்தான். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றான்.

“அண்ணே, இந்தக் கையால கோடரி பிடிக்க ஏலாது. சுமக்கவும் ஏலாது. எங்க போனாலும் வேணாங்கிறாங்க. கைப்பிடிய இழுக்க மட்டும் ஏலும்.”

நோபர்ட் சாக்கை எடுத்தான், மோட்டாரைப் போட்டான். சிவலிங்கம் கைப்பிடிக்குப் போனான். நோபர்ட் ஒரு கோணல் கட்டையை வைத்து, பிடித்து, நேராக்கினான்.

டொறீன் குசினி வாசலில் நின்றாள். ‘இழுத்துவிடுவானோ? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அவனுக்கு அந்த நினைப்பு வந்தால்?’ இப்படி நினைக்கிறோமே என்று அவமானமாக இருந்தது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தாள்.

கடையோரமாக வந்து நான்கைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோபர்ட் கட்டையை விட்டான். இரண்டு கையையும் தலைக்கு மேல் நன்றாகத் தூக்கினான். யாரும் சிரிக்கவில்லை.

சிவலிங்கம் இழுக்கவில்லை. உயர்ந்து நின்ற பத்து விரலையும் பார்த்தான். இடக்கையால் கைப்பிடியைப் பற்றி, வலக்கையில் மிச்சமிருந்த இரண்டு விரலையும் அதன்மேல் வைத்தான். பிறகு தலையைத் திருப்பி அவளைக் கூப்பிட்டான்.

“அக்கா, அண்ணனோட கை ரெண்டும் வெளிய இருக்கான்னு நீங்களும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

டொறீன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அவள் சொல்லும்வரை சிவலிங்கம் காத்திருந்தான். நோபர்ட்டும் கையை இறக்கவில்லை.