ஸ்கேல் வைத்த கால்

"எதுக்கு அக்கா சிரிக்கிறே? படத்துல கால் மட்டும்தான் வரும்."

"வந்தா வருது, வராட்டிப் போகுது. நீ படம் எடுக்கும்போது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

நாற்காலியில் நாத்தனார், புரொபசரின் அக்கா. எதிரே முக்காலியில் அவளுடைய வலது கால். பெருவிரலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல். ஸ்கேல் நகராமலும் கால் ஆடாமலும் தரையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தவள் புரொபசரின் மனைவி. அவள் கை படத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதில் புரொபசர் மகா கவனமாக இருந்தார். "விரல எடு, உன் விரல எடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டரை மாதமாக இந்த வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் அவள் விரல் விழுந்ததில்லை.

ஆறிப்போன புண்ணைப் படம் எடுக்கும்போது மனிதருக்கு எத்தனை பொறுமை வந்துவிடுகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். புண் புண்ணாக இருந்த நாட்களில் அறை வாசலிலேயே நின்றுகொள்வார். ஸ்கேலை அங்கிருந்தே தூக்கிப் போடுவார், கேமராவை நீட்டுவார், மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு படம், அவ்வளவுதான். இப்போது மண்டி போட்டுக்கொண்டு எடுக்கிறார்.

புண் வந்த கதை பெரிய கதை இல்லை. புதுச் செருப்பு கடித்தது. சர்க்கரை உடம்பு, பாதத்தில் உணர்ச்சி செத்துப்போய் வருஷக்கணக்காகிவிட்டது, கடித்ததே தெரியவில்லை. தெரிந்தபோது பெருவிரலடியில் குழி விழுந்திருந்தது. ஒழுங்காக இருந்தால் விரல் தப்பலாம், இல்லாவிட்டால் எடுக்க வேண்டிவரும் என்றார் ஆஸ்பத்திரி சர்ஜன். நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்தாள். டெலிபோன் ஆபீஸில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். யார் வேலை செய்வதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கிற கண் அது.

"என் தம்பி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

தம்பி யாரென்று பேப்பரில் வந்திருந்தது. ஆறாத புண்ணை ஆற்றும் வெள்ளி என்று தலைப்பு. கீழே வெள்ளைக் கோட்டில் புரொபசர், தேன் நிறத்தில் ஏதோ இருந்த ஒரு குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெள்ளியைத் துகளாக்கி, அதை ஜெல்லில் கலந்து, எலிகளின் முதுகுப் புண்ணில் தடவியிருக்கிறார், ஆறியிருக்கிறது. எலி என்ற சொல் செய்தியின் கடைசி வரியில்தான் வந்தது. நாத்தனார் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ரகம் இல்லை. பக்கத்தை வெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டாள். அவரைப் படிக்க வைத்ததே தான்தான் என்பாள். படிக்க வைத்தது உதவித்தொகை. அக்கா செய்தது விண்ணப்ப உறையில் தபால்தலை ஒட்டியது.

"ஊருக்கெல்லாம் மருந்து கண்டுபிடிக்கிறே. கூடப் பொறந்தவ காலு அழுகுது. கொண்டுவந்து போட உனக்கு என்னடா நோவு?"

"அது இன்னும் ஆராய்ச்சியிலதான் அக்கா இருக்கு."

"நான் செத்ததும் ஆராய்ச்சி முடியுமா?"

சில நாள் இப்படியே போனது. பிறகு ஒரு சாயங்காலம் பேர் எதுவும் ஒட்டாத வெள்ளை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தினம் கொஞ்சம் தடவினால் போதும் என்றார்.

போதும் என்று சொன்னவர் சொல்லாமல் விட்டதெல்லாம் மனைவி தலையில் விழுந்தது. கட்டைப் பிரித்து, உப்புத் தண்ணீரில் கழுவி, ஓரத்து ஈரத்தை ஒற்றியெடுத்து, தடவி, துணி வைத்துத் திரும்பக் கட்டிவிட்டுத்தான் அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்ப முடியும். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் செத்த தோலை வெட்டி எடுக்க வைக்க வேண்டும். வேளைக்கு இன்சுலின் ஊசி. கால் தரையில் படாமல் காவல். எல்லாவற்றுக்கும் மேலே, நாத்தனார் ஒளித்து வைக்கிற பிஸ்கட்டுக்குச் சோதனை.

"தலகாணிக்கு அடியில என்ன அண்ணி?"

"தலகாணிக்கு அடியில கட்டில்."

"கட்டில்ல க்ரீம் வாசன வருதே."

"உன் மூக்கப் போலீஸ்ல சேத்திருக்கணும். இங்க வீணாப்போகுது."

இப்படியாகக் குழி மேடாகி, மேடு தோலாகி, விரல் தப்பியது. அன்றைக்கு நாத்தனார் போனை எடுத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சொன்னாள். "சின்ன வயசுல கால்ல வெள்ளிக் கொலுசு போட்டது. இப்பத்தான் திரும்பக் கால்ல வெள்ளி ஏறியிருக்கு. என் தம்பி போட்டுவிட்டது." உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்து அறையில் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

புரொபசருக்கு இப்போது கால் வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு மேலும் பணம் தர ஒரு கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. யோசிக்கிறவர் எப்போதும் கோட்டு போட்டிருப்பவர் என்பதால் வீட்டில் அவருக்குப் பேர் கோட்டு. எலி முதுகு பார்த்துக் கோட்டுக்கு அலுத்துவிட்டதாம். மனிதரைப் பார்க்க வேண்டுமாம். அடுத்த வாரம் வீட்டுக்கே வருகிறார் என்று புரொபசர் சொன்னார். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சை ஒத்திகை பார்த்தார். திரையில் எலி முதுகு, எலி முதுகு, மறுபடி எலி முதுகு; கடைசியில் ஸ்கேலோடு அக்காவின் பெருவிரல்.

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சும்மாத்தான் கேட்டாள். "பேப்பர்ல வந்தது தேன் மாதிரி இருந்துச்சே. நம்ம டப்பால இருக்கறது ஏன் தண்ணி மாதிரி இருக்கு?"

"வெள்ளி இருந்தாத்தான் அந்த நிறம் வரும்" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மாணவனுக்குச் சொல்கிற மாதிரி. சொன்ன பிறகுதான் கண்ணை எடுத்தார்.

"அப்ப இதுல இல்லையா?"

"வெறும் ஜெல். புண்ணு காயாம ஈரமா வச்சிருக்கும். கெடுதல் ஒண்ணும் கிடையாது."

"அண்ணிக்கு உங்க மருந்து போடவே இல்லையா?"

"அது எலிக்குப் போட்டுப் பாத்தது. மனுஷ உடம்புக்குள்ள போனா எங்க தங்கும், என்ன பண்ணும், யாருக்குத் தெரியும்? என் அக்கா கால்ல போய்ப் பரிசோதனை பண்ணச் சொல்றியா?"

வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அவர் மறுபடி வாயைத் திறக்கும் வரைக்கும் அது இருந்தது.

"அப்ப அந்தப் படம் எதுக்கு இங்க?"

"அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கேன் பாரு. ஜெல் போட்ட பிறகு. ஜெல் போட்டதுதானே? வெள்ளின்னு எங்கயாவது எழுதியிருக்கேனா?"

"அதுக்கு முன்னாடி வர்றதெல்லாம் வெள்ளி."

"அவங்களாச் சேத்துப் புரிஞ்சுக்கிட்டா நான் என்ன பண்றது."

கண்ணாடிக் கடைக்குக் கண் சோதனை பண்ணிக்கொள்ளச் சிலர் வருவார்கள். கடைசி வரி எழுத்து தெரியாது. முன்னால் இருந்தவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஒப்பிப்பார்கள். அவர்களிடம்கூட அவளுக்கு இரக்கம் உண்டு. வயதாவதை ஒத்துக்கொள்ள மனமில்லாத பாவங்கள்.

"எலிக்காவது நிஜமா ஆறுச்சா?"

"எலிக்குத் தோல் லூசு. காயம் பட்டா தானே சுருங்கி மூடிக்கும். ஒண்ணும் போடாத எலிக்கும் ஆறத்தான் செய்யும். நம்மது போட்டா ரெண்டு நாள் முன்னாடி."

"ரெண்டு நாளுக்கா நாலு வருஷ ஆராய்ச்சி?"

"சயன்ஸ் அப்படித்தான் நகரும்."

"நகரட்டும். அண்ணி காலப் பிடிச்சுக்கிட்டு நகர வேண்டாம்."

அவர் திரையில் முதல் எலிக்குத் திரும்பிப் போனார்.

அன்றே அவள் நாத்தனாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கால் ஆறியது முழுக்கத் தன் கையால்தான் என்று தெரிந்ததில் ஒரு ருசி இருந்தது. அதை மிட்டாயைப் போலக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வளைய வந்தாள். போனில் நாத்தனார் வெள்ளிப் பெருமை பேசும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்தாள். காலையில் புண் கழுவும் வேலை இல்லை. அறைக்குள் போக அவசியமும் இல்லை. ஊசியை வாசலில் நின்றே நீட்டினாள், நாத்தனாரே போட்டுக்கொண்டாள்.

கோட்டு வரும் நாள் மத்தியானம் அவளுக்கு அந்தப் புண் நாற்றம் வந்தது. இரண்டரை மாதம் அதோடு குடித்தனம் நடத்தியவள். அடுத்த அறையிலிருந்தே தெரிந்துவிட்டது.

நாத்தனார் தலை வாரி, நல்ல உடுப்புப் போட்டு, முழங்காலில் போர்வையோடு நாற்காலியில் தயாராக இருந்தாள்.

"இடது காலக் காட்டுங்க அண்ணி."

"இடது காலுக்கு என்ன வேலை? வர்றவங்க வலது காலத்தானே பாக்க வர்றாங்க."

போர்வையைத் தூக்கினாள். குதிகால் பாதிக்கு மேல் கறுத்து, செருப்புத் தோல் மாதிரி விறைத்திருந்தது. ஓரத்தில் நீர் கசிந்தது. அதன் மேல் ஜெல், கேக்குக்குப் பூசுகிற மாதிரி தடிமனாக, பளபளவென்று.

"என்ன அண்ணி இது?"

"குளிருச்சேன்னு வெந்நீர்ப் பை வச்சேன். அப்படியே தூங்கிட்டேன். எனக்கு என்ன, சுடுதா குளிருதான்னு தெரியவா போகுது."

"எப்ப?"

"போன வாரம். சொன்னா நீ ஆஸ்பத்திரின்னு குதிப்பே. அதான் வீட்டுலயே மருந்து இருக்கே. உன்ன விட நல்லாவே பூசறேன், பாரு."

டப்பா பக்கத்தில் முக்கால்வாசி காலியாக இருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணி, அதுல வெள்ளியும் இல்ல, மருந்தும் இல்ல. வெறும் ஜெல். அவரே சொன்னாரு. இப்பவே கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். இது விரலோட நிக்கற விஷயம் இல்ல."

நாத்தனார் அவளை, சர்ஜனைப் பார்த்த அதே பார்வை பார்த்தாள். "உனக்கு மனசு ஆறல. நீ கழுவினதாலதான் ஆறுச்சுன்னு யாராவது சொல்லணும். யாரும் சொல்லல. அதுக்காக என் தம்பி மருந்தத் தண்ணியாக்குவியா நீ?"

அவளுக்கு முகம் சுட்டது. சொன்னதில் முதல் பாதி பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

புரொபசரைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். அவர் டை கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க. இப்பவே."

"அவர் தெருமுனைக்கு வந்துட்டாரு. போனதும் சொல்றேன். நாளைக்குக் காலைல நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்குச் சொன்னா, கோட்டுக்கிட்ட ஏன் வேற சொன்னேன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பொய் வேணும். அதச் சரிக்கட்ட நாளன்னிக்கு ஆயிடும். கால் எது வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கும்?"

"இன்னிக்கு ஒரு நாள் தொந்தரவு பண்ணாம இரு."

டையின் முடிச்சு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் அதை நேராக்கிவிடுவது வழக்கம். அப்படியே விட்டாள்.

கோட்டு வந்தார். டீ குடித்தார். எலிகளைத் தாண்டிப் பெருவிரல் வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நாத்தனார் வலது காலை முக்காலியில் தூக்கி வைத்தாள். இடது கால் போர்வைக்குள் இருந்தது.

"நம்பவே முடியல மேடம்."

"நான் முதல்லயே நம்பினேன். என் தம்பி சின்னதுலேருந்தே இப்படித்தான். எதத் தொட்டாலும் முடிக்காம விட மாட்டான்."

புரொபசர் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். அந்த அடக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவள் எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் உப்புத் தண்ணீர்ப் பாத்திரம், துணி, மரக் குச்சி, டப்பா, பிளாஸ்டிக் ஸ்கேல். யாரும் கேட்பதற்குள் நாத்தனாரின் முன்னால் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். வலது காலை மெல்லக் கீழே இறக்கி, இடது காலை மேலே வைத்தாள். கோட்டு மூக்கைச் சுளித்து, பிறகு மரியாதைக்காக நேராக்கிக்கொண்டார்.

"இன்னொரு கால் இருக்கு சார்" என்றாள். "இது புதுசு. ஆறினதத்தான் பாத்தீங்க. போடறதையும் பாத்துட்டுப் போங்க." பூசியிருந்ததைக் கழுவித் துடைத்தாள். குதிகாலின் கறுப்பு முழுக்க வெளிச்சத்துக்கு வந்தது. குச்சியில் ஜெல்லை எடுத்து, மறுமுனையைப் புரொபசர் பக்கம் நீட்டினாள். "தினம் நான்தானே போட்டேன். இன்னிக்கு நீங்க போடுங்க."

புரொபசர் குச்சியை வாங்கிக்கொண்டார். கோட்டு பார்த்துக்கொண்டிருந்ததால் வாங்காமல் இருக்க முடியவில்லை. மண்டி போட்டார். அத்தனை கிட்டத்தில் நாற்றம் முகத்தில் அடித்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பாமல் இருந்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் படம் எடுக்கும்போது வைத்துக்கொள்கிற அதே சிரிப்பு.

"போடுடா தம்பி. எதுக்குப் பயப்படறே? எனக்கு வலிக்காது."

கோட்டு போனை எடுத்து நீட்டினார். அவள் ஸ்கேலைக் குதிகாலோடு ஒட்டிப் பிடித்தாள். அவளுடைய இரண்டு விரலும் படத்தில் விழுந்தன. எடு என்று யாரும் சொல்லவில்லை. குச்சி நுனியில் ஜெல் சொட்டாகத் திரண்டு, கீழே விழாமல் ஆடிக்கொண்டிருந்தது. தேன் நிறம் துளியும் இல்லாத அதற்குள்ளே ஸ்கேலின் கோடுகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன.