குறுவைக் கரண்டு

கூத்தாநல்லூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஜெக்கரியாவுக்கு ரேடியோ செய்து பார்க்கிற கிறுக்கு. விலையும் மலிவு, பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம் என்று தஞ்சாவூரில் ஈயம் பற்றவைக்கச் சின்னதாக ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கி வந்தார். குறுவை நெல்லுக்குத் தண்ணீர் இறைக்க ஊரைச் சுற்றி மோட்டார்கள் இரவும் பகலும் ஓடின. வீட்டு பல்பு அழுது வடிந்தது. அயர்னை எவ்வளவு நேரம் வைத்தாலும் ஈயம் உருகவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினார்.

"லோ வோல்டேஜ் ஊருக்கு இது ஆகாதுங்க, பெருசா எடுத்துக்கிட்டுப் போங்க" என்ற கடைக்காரர், சின்னதைத் திருப்பி எடுத்துக்கொண்டு உலக்கை மாதிரி ஒன்றை நீட்டினார். விலையும் கனம், தூக்கவும் கனம்.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சூடேற்றி ரேடியோ போர்டில் வைத்ததுதான் தாமதம். புகை கிளம்பிச் செம்புக் கோடுகள் உரிந்து சுருண்டன.

"நாசமாப் போன கரண்டு!" என்று கத்தினார்.

"கரண்டு நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் மனைவி ஹலீமா. "கூலித் தகராறுல வயல் ஆளுங்க வேலைநிறுத்தமாம். காலையிலேருந்து ஒரு மோட்டாரும் ஓடல. பல்பு எப்படி எரியுது பாருங்க! அந்தச் சின்னத எடுங்க, இன்னிக்கி நல்லாச் சுடும்."