பைதனின் பூர்வீகம்

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறிவிட்டேன் என்று கனகேஸ்வரி போன் பண்ணியதும் யதுஷாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிஷாந்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமைதான். மகன் கடைசியாகச் செய்த வேலையைப் பார்க்க வேண்டுமென்று அந்தத் தாய் வெள்ளவத்தை அலுவலகத்துக்கு வருகிறார்.

கிஷாந்த் பக்கத்து மேசைக்காரன். பைதன் என்ற கணினி மொழியின் ஒவ்வொரு வசதியும் எந்தப் பழைய மொழியிலிருந்து வந்தது என்று தேடித் தேடி, புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு பாடம் எழுதிக்கொண்டிருந்தான். ஒரே வரியில் பட்டியல் செய்வது ஹாஸ்கெலில் இருந்து. வரிக்கு முன்னால் இடம் விட்டு எழுதுவது ஏபிசியில் இருந்து. “ஏபிசியை இப்ப ஒருத்தரும் தேடுறேல்ல, பாவம். தந்தது ஆரெண்டாவது சொல்லவேணுமெல்லே” என்பான்.

வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் கூட்டிப் பெருக்குவோமே, அந்தப் புத்தியில் யதுஷா அந்தப் பாடத்தில் அவன் கோணல்மாணலாக விட்டிருந்த இடைவெளிகளையெல்லாம் ஒரே கட்டளையில் சீராக்கிச் சேமித்துவைத்தாள்.

கனகேஸ்வரி வந்து உட்கார்ந்தார். “பிள்ளை, இதில என்ர மகன் எழுதினது எது?”

“எல்லாம் அவர்தான், அன்ரி” என்று, வரிகளின் ஓரத்தில் எழுதியவர் பெயரைக் காட்டும்படி செய்தாள்.

“உம்மட பேரெல்லோ கிடக்கு?”

யதுஷா அப்போதுதான் பார்த்தாள். கடைசியாகத் தொட்டவரின் பெயரைத்தான் அது காட்டும். துடைத்து வைக்கப் போய் அவனையே துடைத்துவிட்டாளே, மடைச்சி! இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு கட்டளை இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவசரமாக அதை அடித்தாள்.

கிஷாந்த், கிஷாந்த், கிஷாந்த். மேலிருந்து கீழ்வரை வந்துவிட்டான். கனகேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றையும் விடாமல் வாசித்தார். கடைசி வரி, களுபோவில ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல்நாள் எழுதியது: ‘பைதனுக்கு ஜெனரேட்டர் வசதி எங்கேயிருந்து வந்தது?’

“இதுக்கு மறுமொழி எழுதேல்லையே. உமக்குத் தெரியுமோ?”

“ஓம் அன்ரி. ஐகன் எண்ட மொழியில இருந்து.”

“அப்ப நீர் அதுக்குப் பக்கத்தில எழுதிவிடுமன்.”

யதுஷா விசைப்பலகையில் கையை வைத்தாள். எழுத்து ஒன்றும் விழவில்லை.

“நான் தொட்டா இந்த வரி என்ர பேருக்கு மாறிடும், அன்ரி.”

கனகேஸ்வரி அவளுடைய கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். திரையில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் அவன் பெயர் இருந்தது.