காலையண்ணன் மதியத்துக்குப் போனது

பாட்டு வானொலி ஒன்றில் தினமும் காலை 'விடிஞ்சாச்சா?' என்ற நிகழ்ச்சியை நடத்திவந்தவரை ஊரே காலையண்ணன் என்றுதான் கூப்பிட்டது. பிற்பாடு இந்தக் கதையை அவரே நாலு பேரிடம் சொல்லும்போது, 'ஊரே' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, "சரி, எங்க தெரு" என்று திருத்திக்கொள்வார். ஆனால் இது நடந்த சமயத்தில் அப்படித் திருத்தும் பழக்கம் அவருக்கு வந்திருக்கவில்லை. சூரியன் உதிப்பதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்கிற அளவுக்கு இருந்தது அவருடைய நினைப்பு.

ஒரு வியாழக்கிழமை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவரை நிலைய மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அவரைவிட வயதில் சின்னவள். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எப்போதும் நின்றபடியே பேசி அனுப்பிவிடுகிற பெண், அன்றைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்கண்ணா" என்றாள்.

"நிகழ்ச்சி நேரமெல்லாம் மாத்துறோம்ணா. உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான். பழைய பாட்டு ஞாயித்துக்கிழமைக்குப் போகுது. நேயர் விருப்பம் சாயங்காலத்துக்கு வருது. நீங்க திங்கட்கிழமைலருந்து மதியம் ரெண்டு மணிக்கு, நாலு வரைக்கும்."

"மதியம் ரெண்டு மணிக்கு யாரும்மா ரேடியோ கேப்பாங்க? சாப்பிட்டுட்டுக் கண்ணு சொக்குற நேரம்."

"சொக்காதவங்க கேப்பாங்க."

"காலைக்கு யாரு?"

"வானிலை. நாளைலருந்து அவதான்."

வானிலை என்பது ஒரு பெண். அவருடைய நிகழ்ச்சிக்கு நடுவில் வந்து, இன்றைக்கு மழை வருமா, எந்தச் சாலையில் நெரிசல் என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அவள் பேசும்போதுதான் காலையண்ணன் டீ குடிக்கப் போவார். தான் டீ குடிக்கிற நேரத்தில் வந்து போகிற பெண், தன் நாற்காலியிலேயே உட்காரப்போகிறாளா?

"காலையண்ணன் மதியத்துக்குப் போனா பேரு என்னம்மா ஆகுறது?"

மேலாளர் கொஞ்சம் யோசித்தாள். "அண்ணன் மட்டும் போதும்ணா" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பதுதான் பெரிய மனுஷத்தனம் என்று முடிவு செய்து, மெல்லச் சிரித்து, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஜனங்கதான் சும்மா விடமாட்டாங்க" என்றார்.

"அதத்தான் நாங்களும் கேக்கப் போறோம். சனிக்கிழமை காலைல ஒரு மணி நேரம் நேயர்கள் போன் பண்ணி இந்த மாத்தத்தப் பத்திக் கருத்து சொல்லலாம். வானிலைதான் நடத்துறா."

இதைக் கேட்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் போதுமா என்றுதான் கவலைப்பட்டார். வெளியே போகும்போது வாசல் காவலாளியிடம், "சனிக்கிழமை கொஞ்சம் கூட்டம் வரலாம், கேட்டப் பாத்துக்க" என்று சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை காலை, சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்த ரேடியோவுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு அன்று விடுமுறை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி, இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன், ஒழுகுகிற குழாயைச் சரிபண்ண வந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தான்.

முதல் அழைப்பு, இரண்டு பிள்ளைகளின் தாய்.

"புதுசு ரொம்ப நல்லா இருக்கும்மா. நேத்து ஒரு நாள்லயே பசங்க நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போயிட்டாங்க. நீ ஒவ்வொரு பாட்டுக்கும் மணி சொல்ற. அவரு மணி சொல்ல ஆரம்பிப்பாரு, நடுவுல ஏதோ கதை ஞாபகம் வந்துரும், கதை முடியுறப்ப அவரு சொன்ன மணியே தாண்டிப் போயிருக்கும்."

"கதைய ரசிக்கத் தெரியாதவங்க" என்றார் காலையண்ணன்.

அடுத்து ஒரு பஸ் ஓட்டுநர். "அந்த சார் நல்ல மனுஷன்தாங்க. ஆனா பாட்டு ஆரம்பிக்கிறப்பல்லாம் மேல பேசிட்டே இருப்பாரு. பல பாட்டு எப்படி ஆரம்பிக்குதுன்னே எனக்கு இப்பதான் தெரியுது."

தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

மூன்றாவதாக வயதான ஒரு அம்மாள். "அவர் இல்லாதது வீட்ல ஒரு ஆள் கொறஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றதுமே காலையண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பாத்தியா! பாத்தியா!" என்று மனைவியின் தோளைத் தட்டினார். அந்த அம்மாள் தொடர்ந்தாள்: "எவ்வளவு அழகா சமையல் குறிப்பு சொல்லுவாரு! அவர் சொன்ன மாதிரி செஞ்சுதான் என் கட்லெட் உதிராம வர ஆரம்பிச்சுது."

காலையண்ணன் வாழ்நாளில் ஒரு சமையல் குறிப்பும் சொன்னதில்லை. அது போட்டி வானொலிக்காரன்.

அவர் நின்றபடியே இருந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூண்டுக்கே திரும்பினாள். மேசைமேல் கிடந்த அவளுடைய போனை அவர் எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டார்.

அதற்குப்பின் அவர் செய்ததை அவரே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எப்படிச் சொன்னாலும் கௌரவமாக வரவில்லை. துணி ஊறவைத்திருந்த வாளியைத் தள்ளிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, தன் வானொலி நிலையத்துக்குத் தானே போன் போட்டார். இணைப்பு கிடைத்தது. மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வணக்கம், நேயர் கருத்து. யார் பேசுறீங்க?" என்றாள் வானிலை.

"நான் ஒரு தையல்காரரு பேசுறேங்க."

"சொல்லுங்க ஐயா. ரேடியோ சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்குங்க, எதிரொலி வருது."

பதினோரு வருடமாக அவர் நேயர்களிடம் சலித்துக்கொண்டு சொன்ன வாக்கியம் அது. இதுகூடத் தெரியாமலா போன் பண்ணுகிறார்கள் என்று மைக்கை மூடிவிட்டு எத்தனை முறை அலுத்துக்கொண்டிருப்பார்! என்ன செய்வது என்று தெரியாமல் கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியிலிருந்து மனைவியின் குரல் கணீரென்று வந்தது:

"கொறைச்சாச்சு, நீங்க பேசுங்க!"

அதுவும் ஒலிபரப்பானது.

வேறு வழியில்லை, பேசினார். புதுப் பெண் நன்றாகத்தான் செய்கிறாள், குறை சொல்ல ஒன்றுமில்லை, இருந்தாலும் காலையண்ணன் மாதிரி வருமா, அந்தக் குரல் என்ன, அந்தக் கனிவு என்ன என்று மூக்கால் அளந்துகொண்டே போனார்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா. அவர் நிகழ்ச்சில உங்களால மறக்கவே முடியாத ஒரு விஷயம் சொல்லுங்களேன்."

நியாயமான கேள்விதான். இத்தனை வருடம் தினமும் மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். அதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அவரு வந்து... காலைல வந்து, விடிஞ்சாச்சானு கேப்பாரு."

"ஆமா, கேப்பாரு. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்... விடிஞ்சிருக்கும்."

வெளியே மச்சினன் கையிலிருந்து குறடு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. எப்படியாவது முடித்துக்கொண்டு தப்பினால் போதும் என்று, காலையண்ணன் ஒரு பெரிய மூச்சை இழுத்து, "ஆக மொத்தத்துல, அவரு இல்லாத காலை ஒரு காலையே இல்லீங்க!" என்று சொல்லிப் போனை வைத்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அடுத்த அழைப்பு போய்க்கொண்டிருந்தது. முட்டைக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மாள்.

"ஏம்மா, இப்ப பேசினது தையல்காரர்னா நீ நம்பினே? அது காலையண்ணனேதான்! 'ஆக மொத்தத்துல'னு சொல்றதுக்கு முன்னாடி குடத்துல தண்ணி மொள்ற மாதிரி ஒரு மூச்சு இழுப்பாரே. தெனமும் முட்டை அடுக்கிக்கிட்டே கேட்டவ நான், எனக்குத் தெரியாதா? அண்ணே, கேக்குறீங்களா? மூக்க விடுங்க, மூச்சு முட்டிரப் போகுது!"

வானிலை சிரிப்பை அடக்க முடியாமல் கொஞ்ச நேரம் திணறினாள். பிறகு, "அப்ப அவரையே திரும்பக் காலைல கொண்டு வரணும்னு சொல்றீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"ஐயோ, வேணாம்மா. நீயே நல்லாத்தான் பண்ற. ஆனா பாவம், அவரு நல்லா இருக்காரா, சாப்பிடுறாரானு மட்டும் கேட்டுச் சொல்லு."

மச்சினன் தொட்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "மாமா, குழாய் சரியாயிடுச்சு. உங்க மூக்கு எப்படி இருக்கு?" என்றான். மனைவி பூண்டுத் தட்டை நகர்த்திவிட்டு மேசையில் தலைவைத்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில்தான் அவள் அப்படிச் சிரித்திருக்கிறாள். அதை நினைத்து அவர் கோபத்தை ஒத்திப்போட்டார். அப்புறம் அது எங்கேயோ காணாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை மதியம் நிலையத்துக்குள் நுழையும்போது காவலாளி, "சார், கூட்டம் யாரும் வரலயே" என்றான். அவன் உண்மையாகவே கவலையோடு கேட்டதுதான் இன்னும் உறைத்தது. மேலாளர் அறையைத் தாண்டித் தலையைக் குனிந்துகொண்டு போனவரை அவள் விடவில்லை. "அண்ணா, நேயர் கருத்துக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் போன் வந்தது அந்தத் தையல்காரருக்கு அப்புறம்தான்" என்றாள்.

வானிலை கூடத்தில் தனியாக நின்று காபி கலக்கிக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. ஏதோ புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்."

"ஐயோ, விடுங்கண்ணா. எனக்கு முதல் வரியிலயே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சா சட்டுனு வெட்டிவிட வேண்டியதுதானே? எதுக்குக் கேள்வி மேல கேள்வியா கேட்ட?"

அவள் காபியை ஒரு வாய் குடித்தாள். "நாலு வருஷம் உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். மழை வரும், வராது, அவ்வளவுதான் என்னைப் பேச விட்டீங்க. அன்னிக்குத்தான் நான் கேள்வி கேட்டு நீங்க பதில் சொன்னீங்க. நல்லா இருந்துச்சுண்ணா, அதான் விட மனசு வரல."

திட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். அவருக்கும் ஒரு காபி கலந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். அவள் பேசுகிற நேரத்தில் தான் எழுந்து போய் டீ குடித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

மதிய நிகழ்ச்சியின் முதல் நாள், பழக்க தோஷத்தில், இரண்டு மணி வெயிலில், "விடிஞ்சாச்சா?" என்றே ஆரம்பித்துவிட்டார். யாரும் போன் பண்ணித் திருத்தவில்லை. கேட்கிற ஆள் இருந்தால்தானே திருத்துவதற்கு என்று தன்னையே நொந்துகொண்டார். ஆனாலும் விடவில்லை. காலையில் காட்டுகிற வேகத்தையெல்லாம் மதியத்திலும் காட்டினார். கத்தினார், சிரித்தார், கைதட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப் பொறியாளர் அவ்வப்போது ஒலி அளவைக் குறைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது வாரம் ஒரு போன் வந்தது. ஒரு பெண். அவள் பேசுவது காதிலேயே விழவில்லை.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்கம்மா!" என்றார்.

"முடியாதுங்க" என்று கிசுகிசுத்தாள் அவள். "எனக்கு ரெட்டைக் குழந்தைங்க. இப்பதான் ரெண்டும் தூங்குச்சுங்க. முன்னாடியெல்லாம் இந்த நேரத்துல வெறும் பாட்டுதான் போடுவீங்க. அந்தப் பாட்டுலதான் தூங்கப் பழகிருக்குங்க. அமத்திட்டா முழிச்சிரும்ங்க, உங்கள வச்சாலும் முழிச்சிரும்ங்க. ஒரு கருத்து சொல்லலாம்ல?"

"தாராளமாச் சொல்லுங்கம்மா."

"நீங்க பேசுங்க, வேணாம்னு சொல்லல. எனக்கும் நாள் பூரா பெரியவங்க குரலே கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் மெதுவா மட்டும் பேசுங்களேன்."

காலையண்ணன் வாயைத் திறந்தார். வழக்கமான மூச்சு ஒன்று தானாக மேலே கிளம்பி வந்தது. அதைப் பாதியில் நிறுத்தி, பூனை மாதிரி மெல்ல வெளியே விட்டார். மைக்குக்கு ரொம்பக் கிட்டே குனிந்து, "சரிம்மா" என்றார். "ரெண்டும் பையனா, பொண்ணா?"

"ஒண்ணு ஒண்ணு."

"ராத்திரி தூங்க விடுதுங்களா?"

"எங்கங்க..." என்று அவள் ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசவில்லை. சொந்தக் கதை எதுவும் ஞாபகத்துக்கு வந்தாலும் விழுங்கிக்கொண்டார். அவள் எல்லாம் சொல்லி முடித்தபின், பாட்டின் பெயரைக் கிசுகிசுத்துவிட்டு ஒலிப் பொறியாளருக்குக் கைகாட்டினார். பாட்டு அதன் பாட்டுக்கு ஆரம்பித்தது. ஒலிப் பொறியாளர் எழுந்து வந்து கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்தார். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

அன்று முழுக்க அப்படியே பேசினார். இரவுப் பணி முடித்து வந்து தூக்கம் வராமல் கிடந்த ஒரு நர்ஸ் கூப்பிட்டு, அவளும் கிசுகிசுவென்றே பேசினாள். கிசுகிசுப்பாய்ப் பேசினால் கத்துவதைவிட அதிகம் தொண்டை காய்கிறது என்று தெரிந்துகொண்டு, நாலு மணிக்கு வெளியே வந்தார்.

சாயங்காலம் மனைவி மருந்துக்கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு மதியம் கடையில உங்க நிகழ்ச்சி வச்சோம்" என்றாள்.

அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்கினார். "எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமே கேக்கல. ரொம்ப நல்லா இருந்துச்சு."