கண் வைக்க இடமில்லாத தொலைநோக்கி

லடாக் மலையில் இருக்கும் எங்கள் ஹான்லே கிராமத்துக்கு வானம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். சாப்பாடு என் பொறுப்பு. முற்றத்துச் சின்னத் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டுவது என் மகள் யாங்டோல். சனியின் வளையத்தைச் சட்டென்று பிடித்துக் காட்டுவாள். பார்த்தவர்கள், இவள் பெரிய விஞ்ஞானியாக வருவாள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அவளுக்கும் அது ஒன்றுதான் ஆசை. பத்தாவது முடிந்தது. பதினொன்றாவது படிக்க லே நகரத்துக்குப் போக வேண்டும், பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள் அவள்.

"சூரியக் குடும்பம் புவியியல்லதானே வருது, அமாலே. நான் அதையும் வரலாறையும் எடுத்துக்கிறேன்," என்றாள். எங்கள் பேச்சில் அமாலே என்றால் அம்மா.

"எடுத்துக்கோ. நட்சத்திரம் பாக்கக் கண்ணு போதும், கணக்கு எதுக்கு?" என்றேன். பெரிய மேதாவி நான்.

லே கிளம்புமுன் மலை மேலுள்ள பெரிய தொலைநோக்கியில் ஒரு தடவை பார்க்கட்டும் என்று ஒரு ராத்திரி கூட்டிப் போனேன். அங்கே வேலை பார்க்கும் சோஸ்பெல் எங்களுக்குச் சொந்தம். குடுவையில் வெண்ணெய்த் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "இதுல கண்ணு வைக்கிற இடமே கிடையாதும்மா."

திரையைக் காட்டினார். ஏறி இறங்கி ஒரு கோடு ஓடியது.

"இதான் நட்சத்திரம். வெளிச்சத்தப் பிரிச்சா இப்படித்தான் தெரியும். எவ்வளவு சூடு, கிட்ட வருதா, தள்ளிப் போவுதா, எல்லாம் இதுக்குள்ள இருக்கு. கணக்கும் இயற்பியலும் படிச்சவங்க வாசிச்சுடுவாங்க."

"நீங்க வாசிப்பீங்களா மாமா?" என்றாள் யாங்டோல்.

"நான் கணக்குக்குப் பயந்து ஓடினவன். கூரையத் திறப்பேன், மூடுவேன். இத்தனை வருஷமா பக்கத்துலயே நிக்கிறேன், இது என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இறங்கும் வழியில் அவள் அழுதாள். "எனக்கு நட்சத்திரத்தோட பேரு மட்டுந்தான் தெரியும், அமாலே. கணக்கு எடுத்து, அது வரலேன்னா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் வாய் இது.

"நான் மொதல்ல சுட்ட ரொட்டியெல்லாம் கரி. உங்கப்பா முகத்தச் சுளிச்சுக்கிட்டே தின்னாரு. வர்ற வரைக்கும் சுட்டேன். நீயும் கணக்கப் போட்டுப் பாரு. கரிஞ்சா நான் இருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் பழைய கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். சோதித்துப் பார்த்துத்தான் கணக்கு, இயற்பியல் பிரிவில் சேர்ப்பார்களாம்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் வீட்டில் தங்கியிருந்த டெல்லிக்காரர்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். தொலைநோக்கியோடு நான் மல்லுக்கட்டினேன். சனி அகப்படவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஒரு அம்மாள், "உங்க பொண்ணு நல்லாக் காட்டுவான்னு சொன்னாங்களே, அவ எங்க?" என்றார்.

சன்னல் வழியே பார்த்தேன். விளக்கடியில் குனிந்து, எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

"உள்ள கணக்குப் போடுறா," என்றேன். "அவளுக்கு நட்சத்திரம் பாக்கணுமாம்."